மொட்டைக்குப் பிறகு தெரிந்த மண்டை

மகனுக்கு மொட்டை போட்ட அன்றைக்குத்தான் அவன் மண்டையை முழுசாகப் பார்த்தேன். உசிலம்பட்டிப் பக்கம், வீட்டுக்காரர் வழிக் குலதெய்வம். சிவராத்திரிக்கு மறுநாள், கூட்டம் இன்னும் வடியவில்லை. தாய்மாமன் மடியில் தொண்டை கிழிய அழுது முடித்து விக்கிக்கொண்டிருந்தான். முடி இறக்கியவர் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, ஈரத் தலையை உள்ளங்கையால் ஒரு சுற்றுத் தடவினார். பின்பக்கம் வந்ததும் கை நின்றது.

“வலப்பக்கம் பின்னாடி சப்பையா இருக்கே தாயி. ஒரே பக்கமாப் படுக்கப் போடுவீகளோ?”

எத்தனை ஆயிரம் மண்டையைத் தடவிய கையோ. இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் லெஸ்டரில் ஆறு எட்டு வாரப் பரிசோதனையில் டாக்டர் பார்த்தார், வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்கும் நர்ஸான ஹெல்த் விசிட்டர் பார்த்தார். லேசான தட்டைதான், உட்காரத் தொடங்கினால் சரியாகிவிடும் என்று இரண்டு பேரும் சொன்னார்கள். அப்போது லேசாகத்தான் இருந்திருக்கும். அப்புறம் முடி அடர்ந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. இப்போது சந்தனம் பூசிய தலையை மேலிருந்து பார்த்தால் பின்னால் வலப்பக்கம் அமுங்கியிருந்தது. வலது காது இடது காதைவிட முன்னால் தள்ளி நின்றது. வலது நெற்றி கொஞ்சம் புடைப்பு. சதுரப் பெட்டியை ஒரு மூலையில் பிடித்துத் தள்ளினால் சாயுமே, அந்த மாதிரி.

வேனில் திரும்பும்போது அம்மாச்சி தீர்ப்புச் சொல்லிவிட்டது. “வெள்ளைக்காரன் ஊர்ல பிள்ளையை மல்லாக்கவே போட்டு வளத்தா மண்டை தோசைக்கல்லாட்டம்தான் இருக்கும்.”

அதில் பாதி உண்மை. தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தைகள் இறப்பதைத் தடுக்க, பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் ‘குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள்’ என்று பெரிய பிரசாரம் நடத்தினார்கள். அந்த மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. கூடவே தட்டை மண்டைகள் கூடின. அந்தப் பேரத்தில் எனக்கு வருத்தம் இல்லை. ராத்திரியில் இன்றைக்கும் மல்லாக்கத்தான் படுக்க வைக்கிறேன்.

சப்பை மண்டையைச் சரிசெய்யக் குழந்தைகள் தலையில் மாட்டும் ஹெல்மெட் யோசனை எனக்கு அன்று ராத்திரியே வந்துவிட்டது. இங்கிலாந்தில் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். பொதுவாக இதற்கு ஹெல்மெட் தருவதில்லை. தனியாரிடம் போனால் இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல் ஆகும். ஊருக்கு வருகிற எல்லோரையும் போல நானும் பல், கண்ணாடி, மாஸ்டர் செக்கப் என்று ஒரு பட்டியலோடுதான் கொழும்பு வழியாக மதுரை வந்து இறங்கியிருந்தேன். பட்டியலில் ஹெல்மெட்டையும் சேர்த்துக்கொண்டேன். மொத்தம் பதினோரு வார விடுப்பு, அதில் மூன்று வாரம் போயிருந்தது. பிள்ளைக்கு ஏழு மாதம். இந்த ஹெல்மெட்டுக்குத் தோதான வயது நாலு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் என்பார்கள், அதிலும் முன்னால் தொடங்குவது நல்லது. மண்டை வேகமாக வளரும் காலம் அதுதான். கணக்குப் போட்டுப் பார்த்ததில் எனக்குப் பதற்றம்தான் வந்தது. பதற்றத்தில் இருக்கிற அம்மாவிடம் எதையும் விற்கலாம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

முதலில் கே.கே. நகரில் ஒரு குழந்தை மருத்துவர். டோக்கன் 34, உள்ளே போக இரண்டு மணி நேரம். உள்ளே இருந்தது ஏழு நிமிஷம்தான், ஆனால் இந்தப் பயணத்தில் நான் பார்த்த உருப்படியான ஏழு நிமிஷங்களில் அது ஒன்று. பிள்ளையை என் மடியில் உட்காரவைத்து மேலிருந்து பார்த்தார். பிறகு இரண்டு கட்டைவிரலாலும் உச்சியிலிருந்து பின்பக்கம் வரை மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பு இல்லை, பல தகடுகள், நடுவில் தையல் போன்ற இணைப்புகள். மூளை வளர வளர அந்த இணைப்புகள் இடம் கொடுக்கும். ஏதாவது ஒரு தையல் சீக்கிரமே மூடிக்கொண்டால் மண்டை கோணலாகும். அது வேறு நோய். அதற்கு நரம்பியல் அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும், வெறும் ஹெல்மெட் உதவாது. மூடிய தையல் விரலுக்கு வரப்பு மாதிரித் தட்டுப்படும். பின்பக்கத் தையல் மூடியிருந்தால் அந்தப் பக்கத்துக் காது பெரும்பாலும் பின்னால் இழுபட்டிருக்கும். படுத்துப் படுத்துச் சப்பையானதில் காது முன்னால் தள்ளியிருக்கும்.

“காது முன்னாடி வந்திருக்கு, வரப்பு இல்லை, உச்சிக்குழி நல்லா இருக்கு. இது படுக்கையால வந்ததுதான். ஸ்கேன் எல்லாம் எடுத்துக் கதிரடிக்க வேண்டாம்” என்றார். ஹெல்மெட் போடலாமா என்றேன். தன்னிடம் வரும் பிள்ளைகளில் போட்டவர்கள் குறைவு, செய்பவர்களைப் பார்த்துவிட்டு அவர்கள் சொல்வதை வந்து சொல்லுங்கள் என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் டாக்டருக்கு நான் இன்னும் இரண்டு மணி நேரம் காத்திருப்பேன். ஒன்று மட்டும் அழுத்திச் சொன்னார்: குளிப்பாட்டும்போது மண்டையைப் பிடித்து அமுக்கி உருண்டையாக்கப் பார்க்கக் கூடாது. எங்கள் வீட்டுக்குக் குளிப்பாட்ட வரும் ஆயாவுக்கு அது பெரிய மனக்குறை. அவர் உருட்டிய தலைகள் தெருவுக்குப் பத்து இருக்கின்றனவாம்.

அடுத்து, விளம்பரம் பார்த்துக் கூப்பிட்ட ஒரு நிறுவனம். வெளியூர்க் கம்பெனி, மதுரைக்கு மாதம் ஒருமுறை ஆள் வருவார். அண்ணா நகரில் ஒரு கிளினிக்கின் மாடியறையை அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஏசி, சோபா, பொம்மைகள், கையில் டேப்லெட்டோடு ஒரு தம்பி. பிள்ளை தலையில் காலுறை மாதிரி மெல்லிய துணி உறையை மாட்டிவிட்டு, அரை நிமிஷத்தில் சுற்றிச் சுற்றி ஸ்கேன் எடுத்துவிட்டார். திரையில் என் மகன் மண்டை பச்சை, மஞ்சள், சிவப்பில் சுழன்றது. சிவப்பு இருந்த இடத்தைச் சுட்டி, “சிவியர் மேடம்” என்றார்.

“எவ்வளவு மில்லிமீட்டர் வித்தியாசம்?”

“அது ரிப்போர்ட்ல வரும் மேடம். அட்வான்ஸ் கட்டினதும் மெயில் பண்ணிடுவோம்.”

மொத்தத் தொகை லட்சத்தைத் தாண்டியது. இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி உண்டு, தள்ளிப்போட்டால் வயது போய்விடும். என் பெயரைக் கேட்கும் முன்பே எந்த நாட்டிலிருந்து வந்திருக்கிறேன் என்று கேட்டுவிட்டார். மதுரை வெயிலில் ஒரு நாளைக்கு 23 மணி நேரம் எப்படிப் போட்டிருப்பான் என்றதற்கு, “ஏசி போட்டுக்குங்க மேடம்.” சரி, ஹெல்மெட் வந்தபின் யார் பார்ப்பார்கள்? “அடுத்த மாசம் நான் வருவேன். நடுவுல ஏதாவதுன்னா வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புங்க.”

இந்தப் பதிலில்தான் எனக்குத் தட்டியது. அதற்குக் காரணம், முந்தின ராத்திரி உட்கார்ந்து இந்த ஹெல்மெட் எப்படி வேலை செய்கிறது என்று படித்திருந்தேன். பலர் நினைப்பது போல இது மண்டையை நெரித்து வடிவம் கொடுப்பதில்லை. வெளியே கெட்டியான பிளாஸ்டிக் ஓடு, உள்ளே ஃபோம். புடைத்த இடத்தில் ஃபோம் மண்டையைத் தொட்டு நிற்கும், தட்டையான இடத்தில் காலியாக இடம் விட்டிருக்கும். வளர்கிற மண்டை காலியான பக்கமாகத்தானே வளரும். அவ்வளவுதான் சூத்திரம். ஆனால் வளர வளர அந்த இடம் நிரம்பிவிடும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை உள்ளே ஃபோமைச் சீவி மறுபடி இடம் பண்ண வேண்டும், எங்காவது அழுத்திச் சிவந்திருக்கிறதா பார்க்க வேண்டும். இப்படி மூன்றிலிருந்து ஐந்து மாதம் வரை போகும். ஆகவே காசு ஓட்டுக்கு இல்லை, சீவுகிற கைக்கு. ரவிக்கைக்கு அளவு எடுத்தவர் ஒருவர், பிடித்துப் பிரித்துக் கொடுப்பவர் இன்னொருவர் என்றால் என்ன ஆகும் என்று குன்னத்தூர் சத்திரத்துத் தையல்காரர்களைக் கேளுங்கள். (புதுமண்டபத்திலிருந்து அவர்கள் அங்கே மாறிப் போனது இந்தத் தடவைதான் எனக்குத் தெரியும். பழைய இடத்தில் போய் நின்று விழித்தேன்.)

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன். ஸ்கேன் படத்தையாவது கொடுங்கள் என்றதற்குக் கம்பெனி விதிப்படி தர முடியாது என்றார்கள். என் பிள்ளை மண்டை, அவர்கள் விதி.

மூன்றாவது இடத்தை அண்ணன்தான் பிடித்தான். அவன் நண்பரின் மகளுக்குப் பாதம் வளைந்த குறைக்குப் பூட்ஸ் செய்து கொடுத்தவர். கோரிப்பாளையம் பக்கம், மருந்துக் கடைக்கு மேலே, கைப்பிடி இல்லாத குறுகலான படி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறும்போதே மாவுக்கட்டு நெடி வந்தது. உள்ளே சுவர் நெடுக வெள்ளை வெளேரென்று மாவில் வார்த்த கால்கள், ஒவ்வொன்றிலும் பென்சிலில் ஊர் பெயர்: மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம். ஒரு மூலையில் பிளாஸ்டிக் பலகையைச் சூடாக்கும் அடுப்பு, பெரிய பேக்கரி அடுப்பு மாதிரி. சட்டம் போட்டு மாட்டிய ஒரு சான்றிதழ், இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண்ணோடு. செயற்கைக் கால், கைக் கட்டுகள், இந்த மாதிரி ஹெல்மெட் எல்லாம் செய்து பொருத்துகிறவர்கள் அங்கே பதிந்திருக்க வேண்டும். அண்ணா நகர் மாடியறையில் அதைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அவர் ஐம்பதைத் தாண்டியவர். விரல் இடுக்குகளில் மாவு காய்ந்திருந்தது. கழுவிவிட்டு வந்து, காலிப்பர் என்கிற பெரிய இடுக்கி மாதிரி அளவுக்கருவியை எடுத்தார். முன்நெற்றி ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்புறப் பின்மண்டை வரை குறுக்காக ஒரு அளவு, மறுகுறுக்காக இன்னொன்று. பிள்ளை திமிறினான். மூன்று தடவை எடுத்து, மூன்றையும் எழுதி, ஒத்துப்போன அளவைச் சுழித்தார்: 143, 131. பன்னிரண்டு மில்லிமீட்டர். ஒரு வாரமாக நான் கேட்டுக்கொண்டிருந்த எண் பழைய ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் நீல மையில் கிடைத்தது.

“மொட்டை அடிச்சது நல்லதாப் போச்சும்மா. முடி இருந்தா அளவு ஏமாத்தும்” என்றார்.

அப்புறம் அவர் செய்தது இதுவரை யாரும் செய்யாதது. பிள்ளை தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சாவிக்கொத்தை ஆட்டி அவனை வலப்பக்கம் பார்க்க வைத்தார். தாடை தோள் வரை சுலபமாகப் போனது. இடப்பக்கம் ஆட்டினார். பாதி தூரம் வந்து கழுத்து நின்றது, கண் மட்டும் சாவியைத் தேடி ஓரத்துக்குப் போனது. மறுபடி ஆட்டினார். மறுபடியும் கண்தான் போனது, தலை போகவில்லை.

“இடது கழுத்துத் தசை இறுக்கமா இருக்கு. அதான் எந்நேரமும் வலப்பக்கமே திரும்பிப் படுக்கறான். இதை விட்டுட்டு நான் ஹெல்மெட் போட்டா, கழட்டின அன்னைக்கே திரும்ப அதே பக்கம்தான் படுப்பான்.”

பிறந்ததிலிருந்து அவனை எடுத்த படங்களை அன்று ராத்திரி போனில் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒன்றில்கூட நேராக இல்லை. எல்லாவற்றிலும் தலை இடது தோள் பக்கம் சாய்ந்து, முகம் வலப்பக்கம் திரும்பி. அதை நாங்கள் ‘ஸ்டைல்’ என்று சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

மண்டைக்கு ஹெல்மெட் செய்வீர்களா என்று கேட்டேன். செய்திருக்கிறேன், ஆனால் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான், ஸ்கேன் இல்லை, மாவில் வார்த்துத்தான் எடுப்பேன் என்றார். அடுத்து அவர் கேட்டது, “இன்னும் எத்தனை வாரம் ஊர்ல இருப்பீக?” ஏழு என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப என்கிட்ட வாங்காதீக. செய்யவே ஒன்றரை வாரம் ஆகும். மூணு தடவை சீவுறதுக்குள்ள நீங்க பிளேன் ஏறிருவீக. அங்க இருக்கறவன் நான் செஞ்சதைத் தொட மாட்டான், அவன் செஞ்சதை நானும் தொட மாட்டேன்.” பார்த்ததற்கு ஐநூறு ரூபாயை நீட்டினேன். இருநூறு எடுத்துக்கொண்டார்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன். விடுமுறைக்குள் முடிகிற வேலைக்குக் கையில் பணம் இருந்தால் போதும். பல்லை அடைத்துக்கொண்டு போகலாம், கண்ணாடி போட்டுக்கொண்டு போகலாம். இது முடியாத வேலை. மதுரையில் நாலைந்து மாதம் இருக்கப் போகிறீர்களா, அப்படியென்றால் தாராளமாகத் தேடுங்கள். தேடும்போது எத்தனை தடவை சீவுவது இந்தத் தொகையில் அடக்கம், யார் கையால், தலை வளர்ந்து ஓடு பற்றாமல் போனால் இரண்டாவதற்குத் தனிப் பணமா, அளவுகளை எண்ணாகக் கையில் தருவீர்களா, கழுத்தைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். கழுத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காதவரிடம் நான் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன்.

ஹெல்மெட்டே வீண் என்று சொல்லவில்லை. அதைப் பற்றி மருத்துவர்களுக்குள்ளேயே சண்டை. 2014-ல் நெதர்லாந்தில் 84 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆறு மாதம் ஹெல்மெட் போட்டு, மறு பாதியை இயற்கை வழியில் விட்டுப் பார்த்தார்கள். இரண்டு வயதில் முழுக்கச் சரியானவர்கள் ஹெல்மெட் போட்டவர்களில் 26 சதவீதம், போடாதவர்களில் 23. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் மிகக் கடுமையான கோணல் உள்ளவர்களையும், என் மகன் மாதிரி கழுத்து இறுக்கம் உள்ளவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. 2016-ல் அமெரிக்காவில் நரம்பியல் அறுவை மருத்துவர்களின் அமைப்பு ஒன்று வெளியிட்ட வழிகாட்டியோ, படுக்கை மாற்றியும் பயிற்சி கொடுத்தும் சரியாகாத நடுத்தர, கடுமையான கோணலுக்கு ஹெல்மெட் போடலாம் என்கிறது. எங்கள் மகனுக்குப் படுக்கையும் மாற்றவில்லை, பயிற்சியும் கொடுக்கவில்லை. நேரே கடைசிப் படிக்குத் தாவப் பார்த்திருக்கிறேன்.

ஆக, பிசியோ. தல்லாகுளத்தில் ஒரு அக்கா, குழந்தைகளுக்கென்றே பார்ப்பவர். வாரம் இரண்டு தடவை நாங்கள் போவோம், மீதி நாள் வீட்டில் நான். தோளை ஒரு கையால் தாங்கி, தலையை மறு கையால் மெதுவாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்பதை அவர் என் கையைப் பிடித்தே சொல்லிக்கொடுத்தார். வீடியோ பார்த்துச் செய்கிற காரியம் இல்லை இது. மற்றதெல்லாம் சின்னச் சின்ன மாற்றங்கள். தலைமாடு கால்மாடாகப் படுக்கையைத் திருப்பிப் போட்டோம், ஜன்னல் இடப்பக்கம் வருகிற மாதிரி. பேசுகிறவர்கள், ஆட்டுகிறவர்கள் எல்லாம் இடப்பக்கமிருந்துதான் வர வேண்டும் என்று வீட்டில் சட்டம். தூளி நிறுத்தம். அதில் கழுத்து ஒரு பக்கம் மடிந்தே கிடக்கிறது என்றார் பிசியோ. விழித்திருக்கும் நேரமெல்லாம் குப்புற.

அம்மாச்சி இதற்கிடையில் கடுகுத் தலையணை தைத்து முடித்திருந்தது. சிம்மக்கல்லில் கடுகு வாங்கி, பழைய வேட்டியில், நாலு பக்கமும் கைத்தையல். அதில் படுக்க வைத்தால் மண்டை தானாக உருண்டையாகும் என்பது தலைமுறை நம்பிக்கை. கைக்குழந்தை தூங்குகிற இடத்தில் தலையணையே கூடாது, மூச்சு முட்டும் ஆபத்து. மண்டையை உருண்டையாக்கவென்று விற்கும் தலையணைகளை வாங்காதீர்கள் என்று மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2022-ல் எச்சரிக்கையே விட்டது. எண்பது வயதுக் கிழவியிடம் எஃப்.டி.ஏ. பற்றி எப்படிப் பேசுவது? பிசியோ அக்காதான் வழி சொன்னார். பிள்ளை முழித்திருக்கும்போது, பக்கத்தில் நாம் உட்கார்ந்திருக்க, குப்புறப் போட்டு நெஞ்சுக்கு அடியில் அந்தத் தலையணையைக் கொடுங்கள், தலையைத் தூக்கச் சுலபமாக இருக்கும். அப்படியே செய்தோம். கடுகு நெஞ்சுக்குக் கீழே சரசரக்க, அவன் தலையைத் தூக்கி இடப்பக்கம் இருக்கும் அம்மாச்சியைப் பார்ப்பான். “பாத்தியா, எந் தலகாணிதான் வேலை செய்யுது” என்று அது தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியது. நான் மறுக்கவில்லை.

பங்குனி வெயில் ஏறிய நாட்களில், மத்தியானம் கரண்ட் போய், பிள்ளை தலையில் முத்து முத்தாக வேர்வை நிற்கும்போது, அந்தத் தலையில் ஃபோமும் ஓடும் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன். நெல் அவிக்கிற கதைதான். அண்ணா நகர்த் தம்பி இரண்டு தடவை கூப்பிட்டார், இரண்டாம் தடவை தள்ளுபடி கூடியிருந்தது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் மறுபடி கோரிப்பாளையத்துப் படி ஏறினோம். முளைத்த முடியை நனைத்து ஒட்டவைத்துவிட்டு, அதே காலிப்பர், அதே மூன்று தடவை. 144, 135. நீளமான குறுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளர்ந்திருந்தது, குட்டையான குறுக்கு நாலு. பன்னிரண்டு, ஒன்பதாகியிருந்தது. இரண்டு தேதியையும் நாலு எண்களையும் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பதிவு எண் முத்திரை குத்திக் கொடுத்தார். இந்தத் தடவை காசே வாங்கவில்லை.

லெஸ்டரில் பிசியோதெரபிஸ்ட் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்டு வாங்கிப் பார்த்தார். இப்போது பத்து மாதம். பின்பக்கம் நன்றாகவே நிரம்பிவிட்டது. வலது காது இன்னும் கொஞ்சம் முன்னால்தான், அது அப்படியே நிற்கலாம் என்கிறார்கள், ஹெல்மெட் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அம்மாச்சி நலம் விசாரிப்பதற்கு முன்னால், “மண்டையைத் திருப்பு, பாப்போம்” என்று அதிகாரம் பண்ணும். குரல் இடப்பக்கமிருந்து வர வேண்டும் என்று போனை நான் அந்தப் பக்கமே பிடித்துக்கொண்டிருப்பேன். அவன் சோற்றுக் கையோடு இடது தோள் வரை முழுசாகத் திரும்பி, அம்மாச்சியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வலப்பக்கம் இருக்கும் தட்டுக்குத் திரும்பிவிடுவான்.